சந்தனமாரியின் நிழல் உண்டாயிருந்த வருஷம்

முள்ளித்தருவைக்குப் புதுசா வாரவங்க எல்லாரும் முதல்ல கேக்கது, ஒத்த மரம் இல்லாம எப்படித்தான் இந்த ஊர்ல காலந்தள்ளுதிய என்கிறதுதான், அதுக்கு நாங்க என்னத்தச் சொல்ல, ரோட்டுல இருந்து கடல் வரைக்கும் உப்புப் பாத்தி, பாத்தி முடிஞ்சா உப்பு அம்பாரம், அம்பாரம் முடிஞ்சா மறுபடியும் பாத்தி, கீழயும் வெள்ளை மேலயும் வெள்ளை, அதுல அவளவ காலடியில கெடக்கிற நிழல் ஒண்ணுதான் கருப்பு, கண்ணு கூசாம பாக்கதுக்கு வேற ஒண்ணும் கெடையாது. அதனால எங்களுக்கு ஆளோட மொகத்தைவிட நிழல்தான் நல்லாப் பழக்கம். குனிஞ்சு உப்பு வாரும்போது பக்கத்துப் பாத்தியில யாரு வந்து நிக்கான்னு நிமிந்து பாக்க மாட்டோம், நிழலைப் பாத்தே, “என்னட்டீ, இன்னைக்கு லேட்டு”ன்னு கேட்டுருவோம்.

அப்படிப்பட்ட ஊர்ல சந்தனமாரியோட நிழல் உண்டாயிருந்ததை மறைச்சு வைக்க முடியுமா. பங்குனி மாசம், வெயில் ஏறிட்டு வார நேரம், அவ பக்கவாட்டுல திரும்பி நின்னு உப்பு வாரும் பலகையை இழுக்கா, ஆளு வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு, நிழலுக்கு மட்டும் சருவச்சட்டியைக் கவுத்துன மாதிரி வயிறு. நான் பாத்தேன், எனக்கு அந்தாண்ட நின்ன ரோசம்மா பாத்தா, ரோசம்மாவுக்கு அந்தாண்ட நின்னவளும் பாத்தா, பலகைச் சத்தம் ஒவ்வொண்ணா நின்னுபோயி உப்பளமே அமைதியாயிட்டு. ஏன் வேலை நின்னுச்சுன்னு வைய வந்த கங்காணி, வந்த வேகத்துல நிழலைப் பாத்துட்டு, செருப்பைக் கழத்திக் கையில எடுத்துக்கிட்டு, அதை மிதிக்காம சுத்திப் போனாரு.

“மைனி, என்ன எல்லாரும் தரையவே பாக்கிய?”ன்னு மாரி எங்கிட்ட கேட்டா.

“நீயும் பாரு”ன்னேன்.

பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கையை எடுத்துத் தன் வயித்து மேல வச்சா, நிழலும் கையை எடுத்துத் தன் வயித்து மேல வச்சுது, ஆனா இவ கை நின்ன எடத்துல அது கை நிக்கல, ஒரு சாண் தள்ளித்தான் நின்னுச்சு.

மாரி எனக்குத் தம்பி பொண்டாட்டி. தம்பின்னா கூடப் பொறந்தவன் இல்ல, எங்க வள்ளிமயில் சித்தி பெத்த மகன் செந்தூர்பாண்டி. அவனைக் கட்டி வந்து ஏழு வருஷம், அந்த ஏழு வருஷமும் வாசலைத் தாண்டினா கேள்வி, தண்ணிக் கொழாயடியில கேள்வி, சடங்கு வீட்டுப் பந்தியில எலைக்கு முன்னால கேள்வி, “என்ன மாரி, விசேஷம் உண்டா?”ன்னு கேக்கது எங்க பக்கத்துல சாப்பிட்டாச்சான்னு கேக்க மாதிரி, கேக்கவளுக்கு வாயை விட்டு வந்ததும் அது மறந்து போகும், பதில் சொல்லுதவளுக்குத்தான் அது நெஞ்சுக்குள்ள முள்ளாக் கெடக்கும். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, அதைச் செந்தூர்பாண்டிகிட்ட கேட்டதுண்டா? அவன் பாட்டுக்கு டீக்கடையில உக்காந்து நிம்மதியா டீ குடிப்பான். ஆம்பளையப் பாத்து அதைக் கேக்கலாம்னு எங்க ஊர்ல எவளுக்கும் தோணினதே இல்ல, எவனுக்கும் தோணினதே இல்ல.

டாக்டரைப் பாக்கதும் அப்படித்தான். தூத்துக்குடியில ரெஜினான்னு ஒரு டாக்டரம்மா, பிள்ளை தங்காதவங்களுக்குப் பாக்கவங்க, அவங்ககிட்ட மாரி தனியாத்தான் பஸ் ஏறிப் போவா, சில நாள் நானும் துணைக்குப் போவேன். ரத்தம் எடுத்தாவ, ஸ்கேன் எடுத்தாவ, கருக்கொழாயி அடைச்சிருக்கான்னு மருந்து ஏத்திப் பாத்தாவ, அன்னைக்கு அவ பஸ்சுல என் தோள்ல சாஞ்சு ஊர் வந்து சேருத வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டே வந்தா. எல்லாம் முடிச்சு, தை மாசம் டாக்டரம்மா சொன்னாவ, “உங்ககிட்ட நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேன்மா, எல்லாம் சரியா இருக்கு. இனி உங்க வீட்டுக்காரரைப் பாக்கணும். ரெண்டு பேரும் சேந்து வாங்கன்னு முதல் நாளே சொன்னேன்ல?” சொன்னாவதான். எங்களுக்குத்தான் அது காதுல ஏறல. பிள்ளை பெறப்போறவ இவதான, இவளைப் பாத்தாப் போதாதான்னு நெனச்சிட்டோம்.

மாரி வந்து சோறு போடும்போது அவன்கிட்ட சொல்லியிருக்கா. செந்தூர்பாண்டி கெட்டவன் இல்ல, அதையும் சொல்லிருதேன், பாத்தியில அவ பங்கையும் சேத்து வாருவான், உப்பு அறுத்து அவ கால் வெடிச்சா அவனே குத்த வச்சு எண்ணெய் தேச்சு விடுவான், அப்படிப்பட்டவன் அன்னைக்குத் தட்டைத் தள்ளி வச்சுட்டு, “உப்பு சீசன் முடியட்டும், பாப்போம்”ன்னுட்டு எந்திச்சுப் போயிட்டான். சீசன் முடிய ஐப்பசி ஆயிரும். டாக்டரம்மாவோ வயசு ஏறுது, தள்ளிப் போடாதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காவ. மாரி விடாம கேட்டா, அவனும் விடாம பாப்போம் பாப்போம்னான். அவளுக்கு ஒரு பிள்ளை வேணும், அதுக்கு அவன் ஒரு நாள் பஸ் ஏறி வரணும், இவ்வளவுதான் விஷயம். இப்படி இழுபறியா இருக்கும்போதுதான் நிழல் உண்டாச்சு.

ஊரு அதை எப்படி எடுத்துக்கிட்டுன்னு கேக்கியளா? உண்டான பிள்ளைய எப்படி வச்சுப் பாப்போமோ அப்படித்தான் வச்சுப் பாத்தோம். கங்காணி அவளுக்கு வரப்போரப் பாத்தியா ஒதுக்கிக் குடுத்தாரு, மத்தவங்க கால் படாம நிழல் நீட்டி நிமிந்து கெடக்கட்டும்னு. சைக்கிள்ல போறவன் அவளைக் கண்டதும் எறங்கித் தள்ளிட்டுப் போனான், மினிபஸ் கண்டக்டர் ஜன்னலோர சீட்டுல அவளை உக்கார வச்சு, பக்கத்து சீட்டைக் காலியா விட்டாரு, அதுல நிழல் உக்காந்துக்கிட்டு வந்துச்சு. கோயில் கொடையில மாரி சாமி கும்பிட வந்தப்போ, தீபாராதனைத் தட்டைப் பூசாரி அவ மொகத்துக்கு நேரா நீட்டல, பின்னால சொவருல விழுந்த நிழலுக்கு நேரா நீட்டிக் காட்டுனாரு, அதுவும் கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

மசக்கை வந்துச்சு பாருங்க, அப்பத்தான் எங்களுக்கெல்லாம் உண்மையிலேயே மெய் சிலுத்துப் போச்சு. சித்தி ஒரு மாங்காயை எடுத்து வந்து இவ கையில குடுத்தா, இவளுக்கு வேண்டாம், புளிப்பைக் கண்டாலே ஆகாது. நிழலு மட்டும் தலையத் திருப்பிக்கிட்டு மாங்காயையே பாக்குது. சித்திக்கு என்ன தோணுச்சோ, மாங்காயை வெயிலுக்கு நேரா உசத்திப் பிடிச்சா, மாங்காயோட நிழல் போயி நிழலோட வாய்கிட்ட விழுந்துச்சு, விழுந்த மாங்காய் நிழலைச் சந்தனமாரி நிழல் கடிச்சுத் தின்னுச்சு, கொஞ்சங் கொஞ்சமா, ரசிச்சு. தின்னு முடிச்சப்புறம் சித்தி கையில மாங்காய் முழுசா இருக்கு, ஆனா அதுக்கு நிழல் இல்ல. வெயில்ல வச்சுப் பாத்தோம், உருட்டிப் பாத்தோம், நிழல் விழவே இல்ல. அதுக்கப்புறம் தெருவுல ஆளாளுக்குக் கொண்டுவந்து காட்டுனாவ, நெல்லிக்காய், கொடுக்காப்புளி, ரோசம்மா வீட்டுல இருந்து கிறிஸ்மஸ் கேக்கு மாதிரி ஒண்ணு, எல்லாத்தையும் தின்னுச்சு. நிழல் இல்லாத பழத்தையெல்லாம் நாங்க பங்கு போட்டுத் தின்னோம், ருசியில ஒரு கொறையும் இல்ல.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்தா. உண்டானவ பேரை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துதது அவ வேலை. சந்தனமாரியப் பாத்தா, தரையப் பாத்தா, “இதை எந்தக் கணக்குல ஏத்த”ன்னு நாடியில கை வச்சு யோசிச்சா. கடைசியில பேர் ஏத்தாமலே, மாசா மாசம் வந்து இஞ்சி டேப்பைத் தரையில விரிச்சு வயித்தை அளந்துட்டுப் போனா, வளத்தி சரியா இருக்குன்னும் சொன்னா.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, யாருக்கு? ஊருக்கு நல்லாப் போச்சு. செந்தூர்பாண்டிக்கு அதைவிட நல்லாப் போச்சு. டீக்கடையில எவனோ, “செந்தூர்பாண்டி, சாதிச்சிட்டியே மாப்ள”ன்னு முதுகுல தட்டியிருக்கான், அன்னையில இருந்து அவன் நடையே வேற. மாரி மறுபடியும் டாக்டர் பேச்சை எடுத்தா, “நிழலே உண்டாயிட்டு, இனி எனக்கு என்னத்துக்கு டெஸ்ட்டு? என்கிட்ட கொறை இருந்தா அது எப்படி உண்டாகும்?”ன்னான். வள்ளிமயில் சித்தியும் அதையே சொன்னா, தெருவும் அதையே சொல்லிச்சு, நிழல் முன்னால வந்துருக்கு, ஆள் பின்னால வரும், பொறுத்துக்கோன்னு. எந்த டாக்டரு சொன்னதைவிடவும் இது பெரிய ரிசல்ட்டுன்னு கங்காணி வரைக்கும் தீர்ப்புச் சொல்லிட்டாரு. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்ல. இம்புட்டு நாளும் பிள்ளை இல்லைன்னா அது அவ கொறை, இப்ப நிழல் உண்டாச்சுன்னா அது இவன் கெட்டிக்காரத்தனம், நல்லா இருக்கே நியாயம்னு சித்திகிட்ட மொகத்துக்கு நேராவே கேட்டேன். சித்தி என்கூட ஒரு வாரம் பேசல.

ஆனி மாசம் வளைகாப்பு. சொன்னா நம்ப மாட்டிய, என் கல்யாணத்துக்குக் கூட அத்தனை கூட்டம் இல்ல. தெருவுல பந்தல் போடல, பந்தல் போட்டா நிழல் எங்க விழும், அதனால மொட்டை வெயில்ல எல்லாரும் சேலைத் தலைப்பைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்தோம். மாரியை நாற்காலியில உக்கார வச்சு, நிழல் விழுத எடத்துல உப்பை வெள்ளையாப் பரப்பி, ஒவ்வொருத்தியா வந்து கண்ணாடி வளையலை வெயிலுக்கு நேரா பிடிச்சோம், வளையல் நிழல் சின்ன வட்டமாப் போயி அந்தக் கையில ஏறுச்சு, ஒண்ணு, ரெண்டு, பத்து, முழங்கை வரைக்கும் ஏறுச்சு. அது கையை ஆட்டுச்சு. தரைக்குள்ள இருந்து வளையல் சத்தம் கேட்டுச்சு, மெதுவா, தண்ணிக்கு அடியில கேக்க மாதிரி, எல்லாருக்கும் கேட்டுச்சு, வயசான பொம்பளைங்க ரெண்டு பேரு தரையில தலை வச்சுக் கும்பிட்டாவ. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துட்டு, பொய் சொல்லக் கூடாது.

நாற்காலியில உக்காந்திருந்த மாரியோட கை ரெண்டும் வெறுங்கையா இருந்துச்சு. ஒருத்தியும் அவளுக்குச் சந்தனம் பூசல, பூசணும்னு ஒருத்திக்கும் நெனப்பே வரல. கூட்டம் கலைஞ்சு, நாற்காலியை எடுக்கப் போனப்போ எங்கிட்ட சொன்னா, “மைனி, பங்குனியில இருந்து ஒருத்தரும் என் மொகத்தைப் பாத்துப் பேசல. எல்லாரும் தரையப் பாத்துத்தான் பேசுதாவ. சாப்பிட்டியான்னு அதுகிட்டதான் கேக்காவ. விசேஷம் உண்டான்னு கேக்கதை விட்டுட்டாவளேன்னு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இப்பப் பாத்தா, எல்லாருக்கும் பிள்ளை வந்தாச்சு. எனக்குத்தான் வரல.”

“என்ன செய்யணும், சொல்லு”ன்னேன்.

“டாக்டர்ட்ட போவோம். கேக்க வேண்டியதைக் கேட்டுட்டு வருவோம்.”

மறுநாளே போனோம். டாக்டரம்மா ரூம்ல ஒரு பக்கம் பெரிய ஜன்னல், வெயில் அடிச்சு எதுத்த சொவருல மாரி நிழல் வயிறும் பிள்ளையுமா நிக்கி. டாக்டரம்மா அதைப் பாத்தாவ. எந்திச்சு வந்து, காதுல மாட்டுத கொழாயி இருக்கே, அதை மாட்டிக்கிட்டு, மறுமுனையை வெயில்ல பிடிச்சு, அதோட நிழல் போயி அந்த வயித்துல படுத மாதிரி வச்சாவ. கண்ணை மூடிக் கேட்டாவ. கேக்கக் கேக்க அவங்க மொகம் மாறுனதை நான் பாத்தேன், கோயில்ல நடை தெறக்கும்போது ஆளுக மொகம் மாறும்லா, அப்படி.

“துடிப்பு நல்லா இருக்கு”ன்னாவ. அப்புறம் வந்து நாற்காலியில உக்காந்து, மாரி மொகத்தை நேரா பாத்தாவ. “அது நிழலோட விஷயம். நீங்க எதுக்கு வந்தீங்க, அதைச் சொல்லுங்க.”

மாரிக்கு அழுகை வந்துட்டு. எத்தனையோ நாளைக்கப்புறம் ஒரு ஆளு மொகத்தைப் பாத்துக் கேட்டா வராதா.

“எனக்கு ஒரு பிள்ளை வேணும் டாக்டர். வெயில் போனாலும் இருக்கணும். அவரு டெஸ்டுக்கு வர மாட்டேங்காரு, நிழல் உண்டாயிட்டுல்லா, எனக்குக் கொறை இல்லைங்காரு. அப்படி இருக்குமா?”

“நிழலை வச்சு நான் எதையும் சொல்ல முடியாதும்மா. பிள்ளை தங்காத வீட்டுல பாதிக்குப் பாதி ஆம்பளை பக்கமும் ஏதாவது இருக்கும். அவரைப் பாக்காம உங்களுக்கு மருந்து குடுத்துக்கிட்டே இருந்தா, வீட்டுல ஒரு வாசலை மட்டும் தெறந்து பாத்துட்டு ஆள் இல்லைன்னு சொல்லுத மாதிரி. அவருக்கு ஊசி கெடையாது, வலி கெடையாது. ரெண்டு மூணு நாள் சேராம இருந்துட்டு வந்து, ஒரு சின்னக் கப்புல விந்து எடுத்துக் குடுக்கணும். மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாப்போம். அவ்வளவுதான்.”

“கொறைன்னு வந்துட்டா?”

“நெறைய கொறை சரி பண்ணக் கூடியதுதான். இல்லைன்னாலும் வேற வழி இருக்கு. வந்து பாத்தாத்தானே எந்த வழின்னு தெரியும்.”

“வரவே இல்லைன்னா?”

“வரலைன்னா எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அப்படியே வயசு போயிரும்.”

இதை அப்படியே வந்து மாரி அவன்கிட்ட சொன்னா. அவன் கேட்டுக்கிட்டான். சீசன் முடியட்டும்னான்.

எங்க ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு நாள் உச்சிப் பொழுதுல நிழல் விழாது. சூரியன் சரியாத் தலைக்கு மேல வந்து நின்னுரும், நிழல் காலுக்கடியில போயி ஒளிஞ்சிரும், ஒண்ணு சித்திரை பொறக்குத சமயத்துல, ஒண்ணு ஆவணியில. ஆவணியில வந்த அந்த நாள்ல காலையில இருந்தே நிழல் இருப்புக் கொள்ளாம இருந்துச்சு, இவ நேரா நின்னாலும் அது இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வளைஞ்சு நிக்கும். அளத்துல வேலை எப்பவும் உச்சிக்கு முன்னால முடிஞ்சிரும், அன்னைக்கு முடிஞ்சும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகல, நர்ஸம்மா பையைத் தூக்கிக்கிட்டு வந்து சேந்தா, ரோசம்மா முட்டி போட்டு ஜெபம் பண்ணுனா, சித்தி மஞ்சத்துணியில முடிச்சுப் போட்டா, உப்பு வெள்ளைக்கு நடுவுல மாரி நிக்கா, அவளைச் சுத்தி ஊரே நிக்கி.

சூரியன் ஏற ஏற எல்லார் நிழலும் சுருங்குச்சு, முழங்கால் அளவு, சாண் அளவு, வெரல் அளவு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. அத்தனை ஆளுக நிக்கிறோம், தரையில ஒரு பொட்டுக் கருப்பு இல்ல. காத்து நின்னு போச்சு. பாத்தித் தண்ணி கூட அசையல. மாரி கண்ணை மூடிக்கிட்டு நின்னா, அவ நெத்தியில வேர்வை முத்து முத்தா நின்னுச்சு, நாங்க மூச்சு விடாம அவ காலடியையே பாத்துக்கிட்டு நின்னோம்.

சூரியன் ஒரு மயிரிழை சாஞ்சுது. எல்லார் நிழலும் எட்டிப் பாத்துச்சு. மாரி காலடியில இருந்தும் நிழல் வெளிய வந்துச்சு, வயிறு இல்லாம, ஒல்லியா, அவளை மாதிரியே. அது பக்கத்துல ஒரு கை அளவுக்கு இன்னொண்ணு கெடந்துச்சு, மடங்கி, சுருண்டு, காலை உதைச்சுக்கிட்டு. அதுக்கு மேல அண்ணாந்து பாத்தோம், வெறும் வெயில்தான் இருந்துச்சு, கீழ பாத்தா பிள்ளை நிழல் கெடக்கு.

யாரு முதல்ல கொலவை போட்டாங்கிறது எனக்கு நெனவில்ல. கொலவைச் சத்தம் கடல் வரைக்கும் போச்சு. ஆம்பளைங்க தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாவ, கங்காணி உப்புல நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு, சித்தி “எங்குலசாமி வந்துட்டு”ன்னு மார்ல அடிச்சுக்கிட்டு அழுதா. பிள்ளை நிழல் மெதுவாக் குப்புற விழுந்து தவழ ஆரம்பிச்சுது, பொறந்த அன்னைக்கே தவழுமான்னு யாரும் கேக்கல, உப்பு மேல ஊர்ந்து ஊர்ந்து போயி செந்தூர்பாண்டி காலடியில, அவன் நிழல் தொடங்குத எடத்துல, நின்னுச்சு.

அவன் அதைப் பாத்துச் சிரிச்சான். எங்க எல்லாரையும் பாத்துச் சிரிச்சான்.

“தூக்குங்க”ன்னா மாரி.

“எப்படித் தூக்க?”

“நீங்க குனிஞ்சாத்தான உங்க நிழல் குனியும். குனிஞ்சு தூக்குங்க.”

அவன் குனிஞ்சான். அவன் நிழலும் குனிஞ்சு, ரெண்டு கையையும் நீட்டி, அந்தச் சின்ன நிழலை அள்ளி எடுத்துச்சு. அவன் நிமிந்தான், நிழல் மார்போட பிள்ளைய அணைச்சுக்கிட்டு நிமிந்துச்சு, பிள்ளை அவன் நிழலோட கழுத்தைக் கட்டிக்கிட்டுது, மறுபடியும் கொலவை. அவன் கையை மடக்கி அப்படியே நிக்கான். நிக்கான், நிக்கான், சிரிப்பு மட்டும் கொஞ்சங் கொஞ்சமாப் போகுது. கொலவை ஓஞ்சு போச்சு. அவன் மடக்கி வச்ச கைக்குள்ள பாக்கான், தரையப் பாக்கான், திரும்பவும் கைக்குள்ள பாக்கான்.

“மாரி”ன்னான். “கையில ஒண்ணுமே இல்லையே மாரி. கனமே இல்லையே.”

“எனக்கு ஏழு வருஷமா அப்படித்தாங்க இருக்கு”ன்னா மாரி.

அத்தனை ஜனத்துக்கு நடுவுல அவன் அழுதான். கையை எறக்கல, எறக்கினா நிழல் பிள்ளையக் கீழ போட்டுருமோன்னு பயந்து, கண்ணைத் தொடைக்கக் கூட முடியாம நின்னு அழுதான். மாரிதான் முந்தானையால தொடைச்சு விட்டா. அப்புறம் அவனே கேட்டான், “அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை இருப்பாவ?”

அந்தப் பிள்ளை நிழலுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பிய, அது இப்பவும் நல்லாத்தான் இருக்கு, தெரு மொத்தமும் அதைப் பாத்துக்கிடுது, பள்ளிக்கூடம் விட்டு வார பிள்ளைக நிழலோட ஓடிப் பிடிச்சு விளையாடுது, மழை நாள்ல சித்தி வெளக்கை ஏத்தி வச்சு அதுக்குத் துணையா உக்காந்திருப்பா. டாக்டரம்மாவைப் பாக்கப் போன அன்னைக்கும் அதைச் சித்திகிட்ட விட்டுட்டு நாங்க மூணு பேரும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினோம்.

பஸ்சுல அவன் என்கிட்ட மெதுவாச் சொன்னான், “தெரிஞ்சிட்டா, அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாதேக்கா. அதான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்.”

“தெரியாம இருந்து என்னத்தக் கண்ட?”ன்னேன். அவன் மாரி கையைப் பிடிச்சுக்கிட்டான், பஸ்சுல எல்லாரும் பாக்கப் பாக்கவே பிடிச்சுக்கிட்டான்.

கப்பைக் குடுத்தாவ, போனான், வந்தான், பெஞ்சுல தலையக் குனிஞ்சு உக்காந்தான். பக்கத்துல வரிசையா பொம்பளைங்கதான், ஆம்பளைன்னு அவன் ஒருத்தன்தான். ரொம்ப நேரங் கழிச்சு ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டாவ. நான் வெளியதான் இருந்தேன், உள்ள நடந்ததை மாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டரம்மா ஒளிக்காம சொல்லியிருக்காவ. “எண்ணிக்கை கம்மியா இருக்கு. ஓட்டமும் மந்தமா இருக்கு. வெயில்ல, சூட்டுல நிக்கிற வேலை, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், இன்னும் ரெண்டு டெஸ்ட் பாத்துட்டுச் சொல்லுதேன். மருந்து தாரேன், மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். அதுல வரலைன்னா ரெண்டு பேருகிட்ட இருந்தும் எடுத்து, ஆஸ்பத்திரியிலயே கருவாச் சேத்து வைக்கிற வழி இருக்கு. பயப்படாதீங்க. கம்மியா இருக்கே தவிர, இல்லாம இல்ல.”

அவன் தலைய நிமித்தவே இல்லையாம். “அப்ப ஏழு வருஷமும் நான்தானா”ன்னு மட்டும் கேட்டிருக்கான்.

அதுக்கு டாக்டரம்மா, “வாங்க, நீங்களே பாருங்க”ன்னு ரெண்டு பேரையும் உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி, அவனை மைக்ராஸ்கோப்புக்கு முன்னால உக்கார வச்சிருக்காவ. அவன் ஒத்தக் கண்ணை மூடி, கொழாயில கண்ணை வச்சான். முதல்ல ஒண்ணும் தெரியல, வெறும் வெளிச்சம். டாக்டரம்மா எதையோ திருக்கினாவ. அவன் முதுகு அப்படியே நிமிந்துச்சாம்.

“அசையுது”ன்னான். “மாரி, உசுரோட அசையுது.”

“ஆமா”ன்னாவ டாக்டரம்மா. “உங்களோடதுதான்.”

“வாலை ஆட்டிக்கிட்டுப் போகுது. அந்தா ஒண்ணு நின்னுட்டு. இல்ல, நிக்கல, போகுது. மெதுவாப் போகுது. போயிருது.” காலுல கெடந்த செருப்பைக் கழத்தித் தள்ளி விட்டுட்டு உக்காந்தான்னு மாரி சொன்னா. வெளிய நர்ஸு அடுத்த பேரைக் கூப்பிட்டாச்சு, டாக்டரம்மா கடிகாரத்தைப் பாத்தாவ, அவன் கொழாயில இருந்து கண்ணை எடுக்கவே இல்ல.

“இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிடட்டுமா டாக்டர்?”ன்னு கேட்டான்.

டாக்டரம்மா கதவைக் கொஞ்சமாத் தெறந்து, வெளிய இருந்தவங்களைச் சித்த உக்காரச் சொன்னாவ.